ஏஎம்ஆர்-ஒன்: ஆறே சுற்றில் முடிந்த லே மான்

கேள்வி: 2009-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்காவது இடம் பிடித்த ஆஸ்டன் மார்ட்டின், இரண்டே ஆண்டுகள் கழித்துத் தானே உருவாக்கிய ஏஎம்ஆர்-ஒன் காரோடு வந்து சில சுற்றுகளிலேயே நின்றுபோனது ஏன்? அந்தக் கார்கள் பிறகு என்னவாயின?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூன் 11 அன்று பிற்பகல் தொடங்கிய பந்தயத்தில் ஏஎம்ஆர்-ஒன் கார்கள் இரண்டு கலந்துகொண்டன. ஸ்டெஃபான் மியூக்கே, டேரன் டர்னர், கிறிஸ்டியன் க்ளீன் ஆகியோர் ஓட்டவிருந்த 007 எண் கார் இரண்டு சுற்றுகளோடும், ஆண்டி மெய்ரிக், ஹரால்ட் ப்ரிமா, அட்ரியான் ஃபெர்னாண்டஸ் ஆகியோரின் 009 எண் கார் நான்கு சுற்றுகளோடும் முடிந்துபோயின. லே மான் பாதையின் ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர் சொச்சம். ஆக இரண்டு கார்களும் சேர்ந்து ஓடியது ஏறத்தாழ 82 கிலோமீட்டர்தான். அதே பந்தயத்தில் வென்ற ஆடி நிறுவனத்தின் கார் 355 சுற்றுகள் ஓடியது. எஞ்சினின் துணைக் கருவிகளை ஓட்டும் பெல்ட்டும் புல்லியும் சேர்ந்த பகுதியில் கோளாறு என்பதே அன்று வெளியே வந்த விளக்கம். அது உண்மைதான் என்றாலும், ஒரு புல்லியைக் குற்றம் சொல்லி இந்தக் கதையை முடித்துவிட முடியாது.

2009-இல் நான்காவதாக வந்த காரை அடிமுதல் நுனிவரை ஆஸ்டன் மார்ட்டின் கார் என்று சொல்வது சரியாக இருக்காது. அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், ஹண்டிங்டனில் இருந்த லோலா நிறுவனத்தின் பி09/60 வகையைச் சேர்ந்தது. ஆஸ்டன் மார்ட்டின் பெயரில் பந்தயம் ஓட்டிய பான்பரியின் ப்ரோடிரைவ் நிறுவனம் அதில் 6 லிட்டர் வி12 எஞ்சினை (வி வடிவில் இரு வரிசையாகப் பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்டது) பொருத்தி, காற்றியக்க வடிவத்தையும் ஓரளவு மாற்றியிருந்தது. அந்த வி12 எஞ்சின் ஏற்கெனவே டிபிஆர்9 என்ற ஜிடி வகைக் காரில் (சாலைக் காரை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்) பல ஆண்டுகள் ஓடி, 2007-இலும் 2008-இலும் லே மானில் ஜிடி1 பிரிவை வென்ற எஞ்சினின் வழிவந்தது. 2008-இலேயே செக் நாட்டின் சாரூஸ் அணி அதை ஒரு லோலா சேசிஸில் வைத்து லே மானில் ஓட்டிப் பார்த்திருந்தது. அதாவது 2009-இல் நாம் கண்ட வெற்றிக்குப் பின்னால் சோதித்துத் தேர்ந்த எஞ்சினும், பழகிய சேசிஸும், ஓராண்டு ஒத்திகையும் இருந்தன. பெட்ரோல் கார்களில் முதலிடம், அதே ஆண்டு லே மான் சீரிஸ் பட்டம் ஆகிய இரண்டும் அந்த அடித்தளத்தின் மேல் வந்தவை. ஏஎம்ஆர்-ஒன்னுக்கு அப்படி ஓர் அடித்தளம் எதுவும் கிடையாது.

அடித்தளத்தை ஏன் கைவிட்டார்கள் என்றால், விதிகள் மாறின. 2011 முதல் எல்எம்பி1 என்ற முதல்நிலைப் பிரிவில் புதிதாகக் கட்டப்படும் கார்களுக்கு, டர்போ (புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் என்றால் 3.4 லிட்டர், டர்போ பெட்ரோல் என்றால் 2 லிட்டர், டர்போ டீசல் என்றால் 3.7 லிட்டர் என்று உச்சவரம்பு வந்தது. 6 லிட்டர் வி12 காரைப் பழைய கார் என்ற சலுகையில், சக்தியைக் குறைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் அது ஓராண்டுத் தீர்வு. 2006 முதல் அதுவரை லே மானில் வென்றவை எல்லாம் டீசல் கார்களே. ஆடியும் பெஜோவும் செலவழித்த பணத்தில் ஒரு சிறு பங்குகூட ப்ரோடிரைவிடம் இல்லை. இருந்தும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்போம் என்று பந்தயத்தை நடத்தும் அமைப்பு உறுதி சொல்லியிருந்ததால், ப்ரோடிரைவின் தலைவர் டேவிட் ரிச்சர்ட்ஸ் முழுக்கத் தங்கள் கையாலேயே ஒரு காரைக் கட்டத் துணிந்தார்.

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. 3.4 லிட்டர் வி8 எஞ்சினை வெளியிலிருந்து வாங்குவது, அல்லது நல்ல அனுபவம் உள்ள ஒரு வடிவில் தாமே செய்வது முதல் வழி. இரண்டாவது வழி, அந்தக் களத்தில் வேறு யாரும் தொடாத ஒன்று: நேரடி எரிபொருள் பீச்சலும் டர்போவும் கொண்ட, ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் 2 லிட்டர் எஞ்சின். ப்ரோடிரைவ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ஏறத்தாழ 540 குதிரைத்திறன் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. சிறிய டர்போ எஞ்சின் சாலைக் கார்களின் எதிர்காலத்தோடு ஒத்துப்போகும் என்ற வாதம் நியாயமானது. ஒரே பக்கத்தில் வெளியேறும் ஆறு புகைவழிகளையும் ஒரே டர்போவில் சேர்ப்பதும் எளிது. ஆனால் வி6 இருக்க, நேர்வரிசை ஆறு எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து பொறியியலில் நிறைவான பதில் இல்லை. 1959-இல் லே மானை வென்ற டிபிஆர்1 காரில் இருந்தது நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் என்ற பழம்பெருமையும் அந்த முடிவில் பங்கு வகித்திருக்கும் என்பது என் கணிப்பு.

நேர்வரிசை ஆறு என்றாலே அதிர்வில்லாத, வழுக்கிக்கொண்டு ஓடும் எஞ்சின் என்று நாம் கேள்விப்பட்டிருப்போம். அது தவறில்லை. ஆறு பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவுகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் எஞ்சின் மொத்தமாகக் குலுங்குவது மிகக் குறைவு. ஆனால் இது வெளியே தெரியும் குலுக்கலைப் பற்றிய கணக்கு. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்குள் நடப்பது வேறு. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது தன் பகுதியில் கிராங்கை ஒரு வெட்டு வெட்டித் திருகுகிறது. ஆறு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் அந்தத் தண்டு நீளமாக இருந்தே ஆக வேண்டும். நீளமான தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு, மறுகணம் விடுபட்டு, எதிர்த்திசையில் முறுக்கும். வி8 எஞ்சினில் ஒரே கிராங்க் முனையை இரண்டு பிஸ்டன் தண்டுகள் பகிர்ந்துகொள்வதால் எட்டு சிலிண்டர் இருந்தும் தண்டு குட்டையாக, விறைப்பாக அமைகிறது. வி6-இல் அது இன்னும் குட்டை.

இந்த முறுக்கு அதிர்வுக்கு என்று ஓர் இயல்பான வேகம் உண்டு. எஞ்சினின் சுழற்சியில் வெடிப்புகள் அந்த வேகத்தோடு ஒத்துவிட்டால், முறுக்கு சில மடங்கு பெருகும். கிளட்ச் இருக்கும் பக்கத்தில் கனம் அதிகம் என்பதால் அங்கே அசைவு குறைவாகவும், எதிர்முனையில் மிக அதிகமாகவும் இருக்கும். அந்த எதிர்முனையிலிருந்துதான் வழக்கமாக ஆல்டர்னேட்டர், பம்பு முதலிய துணைக் கருவிகளுக்கு இயக்கம் எடுக்கப்படும். ஆகவே அந்தப் பகுதியில் புல்லியோ பெல்ட்டோ அடிக்கடி உடைகிறது என்றால், அனுபவமுள்ள எஞ்சின்காரர் புல்லியை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க மாட்டார். கிராங்க் ஷாஃப்ட் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பார். ஏஎம்ஆர்-ஒன்னின் புல்லிக் கோளாற்றை நான் ஒரு நோய்க்குறியாக மட்டும் எடுத்துக்கொள்வது இதனால்தான். புல்லி ஒரே இரவில் மாற்றக்கூடிய பொருள். கிராங்க் ஷாஃப்டின் விறைப்பையும், எதிர்எடைகளையும், அதிர்வுத் தணிப்பானையும் மாற்றுவது என்றால் புது வரைபடம், புது உலோகம், புதுக் கடைசல், மறுபடி சோதனை மேடை என்று மாதக் கணக்கில் ஆகும்.

எஞ்சினைத் தவிர மற்றவற்றில் குறை இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அவற்றைச் சோதிக்கும் அளவுக்குக் கார் ஓடவே இல்லை. முன் சக்கர மூடிகளுக்கும் மூக்குக்கும் இடையே காற்றை உள்ளே விட்டு, பக்கவாட்டு வழியாகப் பின்னே கொண்டுசெல்லும் முன்பகுதி அமைப்பு துணிச்சலானது. திறந்த மேற்கூரை வேண்டும் என்ற முடிவோ காலத்துக்கு எதிராகப் போனது. திறந்த காரில் ஓட்டுநர் மாறுவது எளிது, பார்வை நன்றாக இருக்கும் என்பவை அதன் நன்மைகள். ஆனால் டயர் மாற்றும் ஆட்களின் எண்ணிக்கையை விதிகள் குறைத்துவிட்டதால், ஓட்டுநர் மாறும் நேரத்தில் மிச்சம் பிடிப்பதற்குப் பெரிய மதிப்பு இல்லாமல் போயிருந்தது. 2000 முதல் திறந்த கார்களையே ஓட்டிவந்த ஆடிகூட 2011-க்கு மூடிய கூரையுள்ள ஆர்18 காருக்கு மாறிவிட்டது.

இனி நாட்காட்டியைப் பார்ப்போம். என் பார்வையில் இந்தக் காரின் தலைவிதியை எழுதியது அதுதான். ஆடி தன் ஆர்18 காரை 2010 டிசம்பரிலேயே மேடையேற்றிவிட்டது. பெஜோவும் புதிய 908 காரைப் போதிய முன்னேற்பாட்டோடு தயாரித்திருந்தது. ப்ரோடிரைவ் 2010-இன் பிற்பகுதியில்தான் முழுவேகத்தில் இறங்கியது. முதல் கார் பாதையில் உருண்டது 2011 மார்ச் மாதம். லே மான் ஜூன் இரண்டாம் வாரம். புதிய சேசிஸ், புதிய எஞ்சின், புதிய காற்றியக்க வடிவம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மூன்று மாதத்துக்குள் பழக்கப்படுத்த வேண்டியிருந்தது. 24 மணி நேரப் பந்தயத்துக்கு வரும் பெரிய அணிகள், பந்தய தூரத்தையும் தாண்டி இடைவிடாமல் ஓட்டும் சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் வருவார்கள். அந்தச் சோதனையில்தான் பதினைந்தாவது மணி நேரத்தில் விரிசல் விடும் குழாயும், இரவுக் குளிரில் தளரும் இணைப்பும் பிடிபடும். பதினைந்து நிமிடம் முழுவேகத்தில் ஓடினாலே சந்தேகம் என்ற நிலையில் இருக்கும் காருக்கு அந்தப் பாடங்கள் எதுவும் கிடைக்காது. எஞ்சின் நின்றுகொண்டே இருந்தால் சஸ்பென்ஷனையும் டயரையும் பற்றி ஓட்டுநர்கள் சொல்வதற்கு எதுவும் இருக்காது. தாமதத்தின் உண்மையான விலை இதுதான். ஒரு பாகம் தவறினால் மற்ற எல்லாப் பாகங்களின் வளர்ச்சியும் அதோடு நின்றுவிடுகிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் தெற்கு பிரான்சின் ல காஸ்டெல்லேயில் நடந்த 6 மணி நேரப் பந்தயத்துக்கு ஒரே ஒரு காரைக் கொண்டுபோனார்கள். பாதையோரப் பழுதுபார்ப்பிடமான பிட்டிலேயே நெடுநேரம் கழித்த அந்தக் கார், முடிவுப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்குத் தூரம் ஓடவில்லை. அடுத்து மே மாதம் ஸ்பாவில் நடந்த பந்தயத்தைத் தவிர்த்துவிட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார்கள். அந்த முடிவைப் பலர் குறை சொன்னார்கள். தெரிந்தே உடையப்போகும் எஞ்சினைப் பெல்ஜியம் வரை சுமந்து போவதில் பயன் இல்லை என்பதால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். லே மான் தகுதிச்சுற்றில் முதலிடத்துக்கும் ஏஎம்ஆர்-ஒன்னுக்கும் இடையே பத்து வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. பெரிய தொழிற்சாலை ஆதரவில்லாத தனியார் அணிகளின் பெட்ரோல் கார்களுக்கும் பின்னால் அவை நின்றன. எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக மெதுவாக ஓட்டியும் அது காப்பாற்றப்படவில்லை.

அந்தப் பந்தயத்தின் இன்னொரு விவரம் ரிச்சர்ட்ஸை நிச்சயம் உறுத்தியிருக்கும். பெல்ஜியத்தின் க்ரோனோஸ் அணி, சக்தி குறைக்கப்பட்ட பழைய லோலா-ஆஸ்டன் மார்ட்டின் வி12 காரை ஓட்டி, அதே பந்தயத்தில் ஏழாவதாக முடித்தது. அதை ஓட்டிய மூவரில் ஒருவர், லே மானில் ஆறு முறை வென்ற ஜாக்கி இக்ஸின் மகள் வனினா இக்ஸ். அதற்கு ஓரிடம் மேலே ரெபெல்லியன் அணியின் லோலா, 3.4 லிட்டர் டொயோட்டா வி8 எஞ்சினோடு பெட்ரோல் கார்களில் முதலாவதாக வந்தது. அமெரிக்காவில் மசில் மில்க் அணியும் அதே ஆண்டு பழைய லோலா-ஆஸ்டன் மார்ட்டின் காரிலேயே வெற்றிகள் கண்டது. புதிய விதிகளின் கீழும் வாங்கிய சேசிஸ், பழகிய எஞ்சின் என்ற வழியில் கௌரவமாக முடித்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. முன்வரிசை டீசல்களை வென்றிருக்க முடியாது என்பது வேறு விஷயம். அதை ஏஎம்ஆர்-ஒன் நன்றாக ஓடியிருந்தாலும் செய்திருக்காது.

ஆஸ்டன் மார்ட்டின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதாகவும் தோன்றாது. 1954-இல் அன்றைய உரிமையாளர் டேவிட் பிரௌன், தன்னிடமே இருந்த இன்னொரு கார் நிறுவனமான லகோண்டாவின் பெயரில் 4.5 லிட்டர் வி12 பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார். அந்நிறுவனத்தின் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் வட்டமான அலுமினியத் தாங்கிகள் வார்ப்பிரும்பு பிளாக்குக்குள், அதாவது எஞ்சினின் வெளி உறைக்குள், செருகப்பட்டிருந்தன. சூடேறும்போது இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரிவதால், அவை தாமாகவே இறுகிக்கொள்ளும், அழகான ஏற்பாடு. வி12-க்கு அதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டவர்கள், எடையைக் குறைக்க வெளி உறையையும் அலுமினியத்திலேயே வார்த்துவிட்டார்கள். இப்போது இரண்டும் சேர்ந்தே விரிந்தன; இறுக்கம் போயிற்று, இடைவெளி பெருகியது, எண்ணெய் அழுத்தம் விழுந்தது. குளிரில் கையால் திருகவே முடியாத அளவுக்கு இறுக்கமாகப் பூட்டிவைத்தாலும் சூட்டில் தளர்ந்துபோகும். இது சரிசெய்யும் குறை அல்ல, அடிப்படையிலேயே வந்த பிழை. 1954, 1955 இரண்டு லே மானிலும் அந்தக் கார் முடிக்கவில்லை; கைவிடப்பட்டது.

மறுபுறம் டிபிஆர்1. டெட் கட்டிங் வடிவமைத்த அந்தக் கார் 1956, 1957, 1958 என்று மூன்று லே மானிலும் முடிக்கவில்லை. 1957-இல் நான்காவது கியரிலேயே சிக்கிக்கொண்ட கியர்பாக்ஸோடு ஓட்டிக்கொண்டிருந்த டோனி புரூக்ஸ், டெர்த்ர் ரூஜ் வளைவில் காரைக் கவிழ்த்தார். அதன் கியர்பாக்ஸ் கடைசிவரை ஓட்டுநர்களின் சாபத்தை வாங்கியது. ஆனாலும் எஞ்சினும் சேசிஸும் நல்லவை என்பது 1957-லேயே ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பாதையில் வென்றபோது தெரிந்துவிட்டது. நான்காவது முயற்சியாக 1959-இல் கரோல் ஷெல்பியும் ராய் சால்வடோரியும் வெல்ல, இன்னொரு டிபிஆர்1 இரண்டாவதாக வந்தது.

ஏஎம்ஆர்-ஒன் இவற்றில் எந்த வகை? கேள்வியின் உள்ளே ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். என் தீர்ப்பு: சேசிஸ் டிபிஆர்1 வகையாக இருந்திருக்கலாம், எஞ்சின் லகோண்டா வகை. முறுக்கு அதிர்வைத் தீர்க்க முடியாது என்று சொல்ல மாட்டேன். நேர்வரிசை ஆறு எஞ்சின்கள் பந்தயத்தில் வென்றிருக்கின்றன. ஆனால் அதைத் தீர்க்கப் புது எஞ்சினுக்குச் சமமான செலவும் காலமும் ஆகும், தீர்த்த பிறகும் டீசல்களின் முறுக்குவிசைக்கு எதிரே அந்த 2 லிட்டர் எஞ்சினுக்கு மேல்கை எதுவும் கிடைக்காது. 2012-க்குள் ஆடி, டொயோட்டா இரண்டும் மின்மோட்டார் சேர்த்த கலப்பினக் கார்களோடு வந்துவிட்டன. நிறுத்தியது சரியான முடிவு. களமிறக்கிய நேரம்தான் தவறு. 2010-இன் பிற்பகுதியில் தொடங்கிய வேலையை 2011-க்கு அல்லாமல் 2012-க்கு என்று குறித்திருந்தால், இடையில் பழைய வி12 காரை ஓட்டி ஒப்பேற்றியிருக்கலாம்.

இனி அந்தக் கார்கள். 2011-இன் எஞ்சிய பந்தயங்களிலிருந்து ஏஎம்ஆர்-ஒன் விலக்கப்பட்டது. அதன்பின் எந்தப் பந்தயத்திலும் அந்தப் பெயரில் அது ஓடவில்லை. ஆனால் அதன் கார்பன் இழை உடற்கூடு வீணாகவில்லை. ஒன்றை வாங்கிய ஆன்ரி பெஸ்கரோலோவின் பிரெஞ்சு அணி, அதில் ஜட் வி8 எஞ்சினை வைத்துப் பெஸ்கரோலோ 03 என்ற காரை உருவாக்கியது. இன்னொன்று கலிஃபோர்னியாவில் டேன் கர்னியின் நிறுவனத்துக்குப் போய், பென் பௌல்பி வடிவமைத்த டெல்டாவிங் என்ற விநோதக் காரின் நடுப்பகுதி ஆனது. ஈட்டிமுனை போன்ற குறுகிய மூக்கும் 1.6 லிட்டர் நிஸான் டர்போ எஞ்சினும் கொண்ட கார் அது. 2012 லே மானில் இரண்டுமே முடிக்கவில்லை. டெல்டாவிங்கைப் போர்ஷே வளைவுகளில் ஒரு டொயோட்டா இடித்துத் தள்ளிவிட்டது. பெஸ்கரோலோ 03 சொந்தக் கோளாற்றில் நின்றது. அதே பந்தயத்தில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் இடம்பெற்ற பிரிட்டிஷ் அணியான ஜேஆர்எம், ஹோண்டாவின் பந்தயப் பிரிவான எச்பிடியிடம் விலைக்கு வாங்கிய காரை அதன் 3.4 லிட்டர் ஹோண்டா வி8 எஞ்சினோடு ஓட்டி ஆறாவதாக முடித்தது. ப்ரோடிரைவ் வேண்டாம் என்று விட்ட முதல் வழி எங்கே கொண்டுசேர்த்திருக்கும் என்பதை அந்த ஆறாம் இடம் ஏறக்குறையக் காட்டுகிறது.

ஆஸ்டன் மார்ட்டின் தனக்கு நன்றாகத் தெரிந்த ஜிடி பிரிவுக்கு வாண்டேஜ் காரோடு திரும்பியது. 2011-இல் இரண்டே சுற்றில் நின்ற 007 காரின் டேரன் டர்னர், 2017-இல் ஜானி ஆடம், டேனியல் செர்ரா ஆகியோரோடு லே மானின் ஜிடிஇ ப்ரோ பிரிவை வென்றார். முதல்நிலைப் பிரிவுக்கு அந்தப் பெயர் மறுபடி வந்தது 2025-இல், வால்கிரி காரோடு. அதற்குப் புது எஞ்சின் எதையும் அவசரத்தில் செய்யவில்லை. காஸ்வொர்த் நிறுவனம் சாலைக் காருக்காக ஏற்கெனவே உருவாக்கிய 6.5 லிட்டர் வி12-ஐயே பந்தயத்துக்குத் தக்கபடி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். வேகத்தில் முன்வரிசையை எட்டவில்லை என்றாலும், அந்த ஆண்டு லே மானில் இரண்டு வால்கிரி கார்களும் 24 மணி நேரத்தையும் முடித்தன.